தமிழகத்துத் தொழில்கள் – 14: காத்திருக்கும் மூலதனம்

சென்ற இதழில் கோயமுத்தூரின் பம்புப் பட்டறைகளைப் பார்த்தோம். அங்கே உற்பத்தியாகும் சரக்கைத் தொட்டுப் பார்க்கலாம், எடை போடலாம், லாரியில் ஏற்றலாம். இரும்பு விலை ஏறினால் பம்பு விலையும் ஏறும் என்பதை எந்த வியாபாரியும் விரல்விட்டுச் சொல்லிவிடுவார். இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் தொழிலில் இரும்பும் இல்லை, லாரியும் இல்லை. கூடுவாஞ்சேரிக்கு அருகே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய வல்லாஞ்சேரி எல்லையில் தலைமையகத்தை வைத்துக்கொண்டு, உலகத்தின் பல தேசங்களிலுள்ள சிறியதும் பெரியதுமான வர்த்தகர்கள் தங்கள் கடிதப் போக்குவரத்து, கணக்கு வழக்கு, வாடிக்கையாளர் விவரம், ஊழியர் சம்பளம் ஆகிய யாவற்றையும் நடத்திக்கொள்வதற்கு வேண்டிய மென்பொருளை எழுதி, அதைச் சந்தாவுக்கு விடுகின்ற ஸோஹோ நிறுவனத்தின் வியாபாரமே இன்று நமது விஷயம்.

1996-ஆம் ஆண்டில் ஸ்ரீதர் வேம்புவும் அவருடைய சகோதரர்களும் டோனி தாமஸும் சேர்ந்து அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது, தொலைத்தொடர்புச் சாதனங்களைக் கண்காணிக்கும் மென்பொருளைச் செய்து, அச்சாதனங்களை உற்பத்தி செய்யும் கம்பெனிகளுக்கு விற்பதுதான் அவர்களுடைய தொழில். 2001-ஐ ஒட்டி அமெரிக்காவில் இணையக் கம்பெனிகளின் பங்குச்சந்தை மாயை கலைந்து, தொலைத்தொடர்புத் துறை முழுவதும் சரிந்தபோது, வாங்குவோர் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டிக்கொண்டு போக, அவர்களையே நம்பியிருந்த எத்தனையோ கம்பெனிகள் இருந்த இடம் தெரியாமல் போயின. அட்வென்ட்நெட் பிழைத்துக்கொண்டதற்குக் காரணம், அது வெளியாரிடம் மூலதனம் வாங்கியிருக்கவில்லை என்பதே. பணம் போட்டவர் வந்து கணக்குக் கேட்கும் நிர்ப்பந்தம் இல்லாதபடியால், ஆட்களை வைத்துக்கொண்டு வேறு சரக்கைச் செய்து பார்க்க அதற்கு அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசத்தில் பிறந்ததுதான், கம்பெனிகளின் கணினித் துறையார் தங்கள் சர்வர்களையும் வலைப்பின்னலையும் கவனித்துக்கொள்ள உதவும் மேனேஜ்எஞ்ஜின் என்ற வரிசை. 2005-இல் ஸோஹோ என்ற பெயரில் இணையத்திலேயே இயங்கும் எழுத்துக் கருவியும் வாடிக்கையாளர் மென்பொருளும் வந்தன; 2009-இல் அந்தப் பெயரே கம்பெனியின் பெயரும் ஆயிற்று. இன்றைக்கு வரை துணிகர மூலதனக்காரர் எவரிடமும் அது பணம் பெறவில்லை. பங்குச்சந்தையில் பதிவாகவும் இல்லை.

இந்த நிறுவனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் தேசப்பற்றையும், அதிபரின் வேட்டியையும், மிதிவண்டியையும் பற்றியே பெரும்பாலும் பேசுகிறார்கள். அவையெல்லாம் இருக்கட்டும். என் அபிப்பிராயத்தில் இந்த ஸ்தாபனத்தின் சாராம்சம் அதன் வரவு செலவின் அமைப்பிலேதான் இருக்கிறது. லாபத்தை வெளியே கொண்டுபோகாமல் உள்ளேயே வைத்துக்கொண்டு, பலன் வர ஐந்து வருஷம் ஆனாலும் பத்து வருஷம் ஆனாலும் பொறுத்திருக்கும் சக்தியை அது சம்பாதித்து வைத்திருக்கிறது. அண்மையில் அது மேற்கொண்ட காரியங்களில் பலித்தவையும் பலிக்காதவையும் இந்த ஒரு சக்தியைக் கொண்டுதான் விளங்கும்.

சந்தா வியாபாரத்தின் சூட்சுமத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு மென்பொருளை எழுதி முடிக்கிற வரையில் செலவு ஒரே செலவு. வரவு பைசா இல்லை. எழுதி முடித்தபின் முதல் வாடிக்கையாளரைப் பிடிக்கவும், அவருக்குப் பழக்கிக் கொடுக்கவும் ஆகிற செலவு அவர் கட்டுகிற முதல் வருஷச் சந்தாவையே விழுங்கிவிடக்கூடும். ஆனால் அவர் அதிலேயே கணக்கெழுதி, அதிலேயே பில் போட்டு, அதிலேயே தம் கொள்முதல்காரர்களின் விலாசங்களைச் சேர்த்துவிட்டால், பிறகு இலேசில் வெளியேற மாட்டார். வருஷா வருஷம் சந்தா தானே புதுப்பிக்கப்படும். ஆகவே இந்தத் தொழிலில் ஜெயிக்கிறவர், வாடிக்கையாளர் வந்து சேருகிற வரைக்கும் தாங்கக்கூடியவரும், வந்தபின் விலையை ஏற்றி அவரை விரட்டாதவருமே. 2017-இல் முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட மென்பொருள்களை ஒரே கட்டாகக் கட்டி, ஸோஹோ ஒன் என்று பெயரிட்டு, ஊழியர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு டாலர் என்று விலை வைத்தபோது, போட்டியாளர்கள் பலர் ஒற்றை மென்பொருளுக்கே அதைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பொறுமை என்ன கொண்டுவந்தது என்பதைக் கணக்கிலே பார்க்கலாம். 2022-ஆம் ஆண்டில், தன் வருடாந்தர வருவாய் 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. 2023 செப்டம்பரில், தன் மென்பொருள்களைப் பயன்படுத்துவோர் தொகை 10 கோடியை எட்டியதாகச் சொல்லிற்று. 2021-22 நிதியாண்டில் சுமார் 6,700 கோடி ரூபாயாக இருந்த வருவாய், 2022-23-இல் சுமார் 8,700 கோடியாயிற்று. லாபம் ஏறக்குறைய 2,750 கோடியிலிருந்து 2,830 கோடிக்குச் சற்று மேலே வந்தது. இந்த நான்கு எண்களையும் பத்திரிகைகள் வளர்ச்சியின் அடையாளமாகக் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் சற்று நிதானித்துப் படித்தால் அவற்றுக்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. வருவாய் நூற்றுக்கு முப்பது பங்கு ஏறிய வருஷத்தில் லாபம் நூற்றுக்கு மூன்று பங்குதான் ஏறியது. முந்திய வருஷம் நூறு ரூபாய் வரவில் நாற்பத்தொரு ரூபாய் மிஞ்சிய இடத்தில், அடுத்த வருஷம் முப்பத்துமூன்றுக்குச் சற்றுக் குறைவாகத்தான் மிஞ்சியது. பதிவான கம்பெனியாக இருந்திருந்தால் இதற்காகப் பங்கு விலை விழுந்திருக்கும். ஆட்குறைப்புக்கு யோசனை சொல்ல நிபுணர்கள் வந்திருப்பார்கள். இங்கே அப்படியொன்றும் நேரவில்லை. உலகமெங்கும் மென்பொருள் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய காலத்தில், தங்களிடம் ஆட்குறைப்பு இராது என்று வேம்பு பகிரங்கமாகச் சொன்னார். நூற்றுக்கு முப்பதுக்கு மேல் மிஞ்சுகிறவன்தான் அப்படிச் சொல்ல முடியும் என்பதையும் நாம் மறக்கலாகாது.

இனி அந்தப் பணம் போகிற வழிகளைப் பார்ப்போம். 2025 ஜூலையில் நிறுவனம் ஸியா என்ற பெயரில் தன் சொந்த மொழி மாதிரிகளை வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவுத் துறையிலே மாதிரியின் பருமனைப் பாராமீட்டர் என்ற எண்ணால் அளக்கிறார்கள். ஸியா மாதிரிகள் மூன்றுக்கும் முறையே 130 கோடி, 260 கோடி, 700 கோடி பாராமீட்டர்கள். உலகப் பிரசித்தி பெற்ற மாதிரிகள் இவற்றைப் போலப் பல மடங்கு பெரியவை. அப்படியிருக்க இத்தனை சிறியவற்றால் என்ன பிரயோஜனம் என்று கேட்கத் தோன்றும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நூல் மில்லிலிருந்து பில் ஒன்று மின்னஞ்சலில் வருவதாக வைத்துக்கொள்வோம். கணக்குப்பிள்ளை அதைத் திறந்து, பார்ட்டியின் பெயரைப் பார்க்கிறார். பதினைந்து எழுத்து ஜி.எஸ்.டி. எண்ணைப் பார்க்கிறார், அதன் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் மில் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது, ஆகையால் வரியை மத்திய வரி, மாநில வரி என்று சரிபாதியாகப் பிரித்துப் போட வேண்டும், வேறு எண்ணாக இருந்தால் ஒரே வரியாகப் போட வேண்டும். பிறகு எத்தனை கிலோ, எந்தக் கவுண்ட், கிலோ என்ன விலை என்று பார்த்து, தாங்கள் அனுப்பிய ஆர்டரோடு ஒத்துப்பார்த்து, கணக்கில் ஏற்றுகிறார். நாளைக்கு ஐம்பது பில் வந்தால் ஐம்பது முறையும் இதே வேலை. இதைச் செய்ய ஓர் இயந்திரத்துக்குச் சரித்திரமும் தெரிய வேண்டாம், வேதாந்தமும் தெரிய வேண்டாம். தாளில் உள்ளதைத் தவறில்லாமல் எடுத்து உரிய கட்டத்தில் வைத்தால் போதும். இதற்குப் பெரிய மாதிரியைக் கூப்பிட்டால் ஒவ்வொரு பில்லுக்கும் அந்நியக் கம்பெனிக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். வியாபார ரகசியமும் அந்த வழியாகவே வெளியே போகும். சிறிய மாதிரியைத் தன் சொந்தச் சர்வரிலேயே ஓட்டினால் கூலியும் மிச்சம், தகவலும் உள்ளேயே இருக்கும். வாடிக்கையாளரின் தகவலை விளம்பரக்காரருக்கு விற்பதில்லை என்பதைத் தன் கொள்கையாக நெடுங்காலமாகச் சொல்லிவரும் நிறுவனத்துக்கு இது பொருத்தமான பாதை. பெரிய மாதிரிகளோடு பந்தயம் ஓடாமல், தன் வாடிக்கையாளரின் மேஜையில் கிடக்கும் வேலையை அளந்து, அந்த வேலைக்குத் தக்க கருவியைச் செய்த விவேகத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

அரட்டை என்ற செய்திச் செயலியின் கதை வேறு மாதிரி. 2021 ஜனவரியிலேயே வெளிவந்து, நாலரை வருஷத்துக்கு மேல் அதிகம் பேர் சீந்தாமல் கிடந்தது. வேறு எந்தக் கம்பெனியானாலும் இரண்டாம் வருஷத்திலேயே மூடியிருக்கும், இவர்கள் மூடவில்லை. 2025 செப்டம்பரில், சுதேசி மென்பொருளைப் பயன்படுத்துங்கள் என்று மத்திய மந்திரிகள் பேசத் தொடங்கியதும், நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே தினங்களுக்குள் நாளொன்றுக்கு 3,50,000 பேர் சேரலாயினர். நவம்பரில் வசதிகளைப் பெருக்கிப் பெரிய அளவில் வெளியிடுவதாகத்தான் அவர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். கூட்டமோ அதற்கு முன்பே வந்து வாசலில் நின்றுவிட்டது. அந்தச் சமயத்தில் குரல், காணொளி அழைப்புகளுக்கு இருந்த முழு மறையாக்கப் பாதுகாப்பு எழுதும் செய்திகளுக்கு இல்லை. இது அற்பக் குறையன்று. இருவர் அந்தரங்கமாக எழுதிக்கொள்வதை நடுவிலிருக்கும் கம்பெனியே படிக்க முடியாதபடி செய்வது, இத்தகைய செயலிக்கு அலங்காரமல்ல, அஸ்திவாரம். பிற்பாடு அதைச் சேர்த்தார்கள் என்றாலும், வந்த வேகம் அதற்குள் தணிந்துவிட்டது. ஆயினும் காத்திருந்த காரணத்தால் அல்லவா சந்தர்ப்பம் வந்த அன்று கையில் ஒரு சரக்கு இருந்தது! உலா என்ற இணைய உலாவியை 2023-இல் வெளியிட்டதும் இந்த ரகத்தைச் சேர்ந்த முயற்சிதான்.

கைவிட்ட காரியம் ஒன்றையும் சொல்ல வேண்டும். சிப் உற்பத்தியில் 70 கோடி டாலர் அளவில் இறங்க எண்ணியிருந்த நிறுவனம், 2025 மே மாதத்தில் அதை நிறுத்தி வைத்தது. அதற்குப் பெரும் முதலீடும் அரசாங்க உதவியும் வேண்டும். தொழில்நுட்பத்தில் பூரண நிச்சயம் ஏற்படாமல் ஜனங்களின் வரிப்பணத்தை வாங்குவது சரியன்று என்று வேம்பு காரணம் சொன்னார். வாங்கிவிட்டு யோசிக்கிறவர்கள் மலிந்த இந்நாளில், யோசித்துவிட்டு வாங்காமல் விட்டதை நான் அவர்களுடைய நல்ல காரியங்களின் பட்டியலிலேயே சேர்ப்பேன்.

தென்காசியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை பூர்த்தியாகாது. குற்றால மலையின் அடிவாரத்தில், மத்தளம்பாறையில், 2011-இல் ஒரு சிறு அலுவலகம் திறந்தார்கள். பட்டணத்தில் வேலை முடிந்து மிச்சமிருப்பதைச் செய்து கொடுக்கும் கிளையாக அதை வைத்திருக்கவில்லை என்பதே முக்கியம். வாடிக்கையாளரின் புகார்களை வரிசைப்படுத்திப் பதிலளிக்க உதவும் ஸோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் அங்கேயே உருவாகி, அங்கிருந்தே உலகச் சந்தைக்குப் போயிற்று. பாளையங்கோட்டையிலோ சங்கரன்கோவிலிலோ படித்துவிட்டு, தாம்பரத்தில் அறை எடுத்துச் சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுக்க வேண்டியிருந்த பிள்ளைகள், ஊரிலேயே இருந்து அதே வேலையைச் செய்ய முடிகிறது. இதற்கும் முந்தியது 2005-இல் ஆறே மாணவர்களோடு தொடங்கிய ஸோஹோ பள்ளி. பிளஸ் டூ முடித்து, காலேஜுக்குப் போக வசதியோ விருப்பமோ இல்லாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, சம்பளம் வாங்காமல், மாறாக உதவித்தொகை கொடுத்து, இரண்டு வருஷம் நிரல் எழுதக் கற்பித்து, வேலையும் கொடுக்கிறார்கள். அப்படி வந்தவர்கள் இன்று நூற்றுக்கணக்கில் பட்டதாரிகளுக்குச் சமமாக அமர்ந்து வேலை செய்கிறார்கள். காலேஜ் பட்டத்தைத் தவிர வேறு தகுதியே இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கும் நம் சமூகத்துக்கு இந்தப் பள்ளி கொடுத்த பதில், நிறுவனத்தின் லாபக் கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

2025 ஜனவரியில் வேம்பு தலைமை நிர்வாகப் பதவியைச் சைலேஷ் குமார் டேவியிடம் ஒப்படைத்துவிட்டு, தலைமை விஞ்ஞானி என்ற பொறுப்பை ஏற்று ஆராய்ச்சிக்குத் திரும்பினார். அதே ஆண்டின் பிற்பகுதியில் இன்னொரு மாறுதலும் வெளிச்சத்துக்கு வந்தது. மத்திய அரசாங்க ஊழியர் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஸோஹோவின் மேடைக்கு மாற்றப்பட்டுவிட்டது. வெளிநாட்டு வர்த்தகரிடம் தகுதியைக் காட்டிச் சந்தா வாங்கியே வளர்ந்த நிறுவனத்துக்கு ராஜாங்க ஆதரவு புதிய அனுபவம். அந்த ஆதரவு கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமே. அதனோடு ஒரு கடமையும் சேர்ந்து வந்திருக்கிறது என்று கருதுகிறேன். தனியார் கம்பெனி தன் கணக்கைச் சட்டம் கேட்கிற மட்டில் பதிவாளரிடம் கொடுத்தால் போதும். பொதுஜனங்கள் அதை மாதங்கள் கழித்துப் பத்திரிகை வாயிலாகத் தெரிந்துகொள்கிறார்கள். அரசாங்கத்தின் கடிதங்களையே காக்கும் பொறுப்பை ஏற்றபின், தன் வரவு செலவு, தன் பாதுகாப்புச் சோதனைகள், தனக்கு நேர்ந்த தவறுகள் ஆகியவற்றை ஆண்டுதோறும் தானாகவே அச்சிட்டு வெளியிடுவது ஸோஹோவுக்குக் கௌரவத்தையே தரும். பங்குச்சந்தைக்குப் போகாமலே இதைச் செய்யலாம்; சட்டம் கேட்காததை மனமுவந்து கொடுப்பதற்கும் அதனிடம் பணமும் அவகாசமும் இருக்கின்றன.

பங்குச்சந்தைக்குப் போன கம்பெனியின் அனுபவமோ வேறு. ஸோஹோவில் பல வருஷம் பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம் 2010-இல் அங்கிருந்து வெளியேறித் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், வெளியார் மூலதனத்தைத் தாராளமாகப் பெற்று, 2021 செப்டம்பரில் நியூயார்க்கின் நாஸ்டாக் சந்தையில் பதிவாயிற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் கணக்கு முழுவதையும் உலகத்தின் முன் விரித்துக் காட்ட வேண்டிய கட்டாயத்தோடு நடந்துவருகிறது. 2024 நவம்பரில் சுமார் 660 பேரை அது வேலையிலிருந்து நீக்கியது ஏன், அந்த மூன்று மாதக் கணக்குக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் என்ன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.