மூல ஆபரேஷனுக்குப் பிறகு... அந்த முதல் 'மோஷன்' பயம் ஏன்? வலியைச் சமாளிப்பது எப்படி?

"ஆபரேஷன் அன்னைக்கு ஒண்ணுமே தெரியலை. முதல் தடவை டாய்லெட் போனப்போதான் உயிரே போயிடுச்சு." மூலத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பலர் சொல்வது இதுதான். கண்ணாடித் துண்டு அறுத்துக்கொண்டு வருவதைப் போல இருந்தது என்பார்கள். இது மிகையில்லை.

ஆசனவாயின் உட்பகுதியில் வலி உணர்வு குறைவு. ஆனால் வெளிப்புறத் தோலை ஒட்டிய பகுதியில் வலி நரம்புகள் மிக அதிகம். மூலத்தை வெட்டி எடுக்கும் வழக்கமான முறையில் அங்கேதான் காயம் இருக்கும். பெரும்பாலும் அதைத் தையல் போடாமல், தானாக ஆற விட்டுவிடுவார்கள். காயம்பட்டதும் சுருக்குத் தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும். வலி, இறுக்கம், மறுபடி வலி என அது ஒரு சுற்று.

இந்த இடத்தில்தான் பலரும் தப்பு பண்ணுகிறார்கள். "சாப்பிட்டாத்தானே போகணும்" என்று கஞ்சித்தண்ணியோடு நிறுத்திவிடுகிறார்கள். வந்தாலும் பயத்தில் அடக்கிக்கொள்கிறார்கள். உள்ளேயே தங்கும் மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிவிட, அது கல்லாகிறது. நாலாம் நாள் போகும்போது வலி பல மடங்கு. பட்டினி கிடந்ததற்குக் கிடைக்கும் பலன் அவ்வளவுதான்.

அதனால் முதல் நாளிலிருந்தே கீரை, வாழைத்தண்டு, பப்பாளி, நிறைய தண்ணீர். டாக்டர் எழுதித் தந்த மலமிளக்கி மருந்தை "லூஸ் ஆயிடுமோ" என்று நிறுத்த வேண்டாம். இசப்கோல் குடித்தால் கூடவே தண்ணீரும் போதுமான அளவு குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

வலி மாத்திரையை வலி உச்சத்துக்குப் போன பிறகு தேடாமல், சொன்ன நேரத்துக்குப் போடுவது நல்லது. டிரமடால் போன்ற மாத்திரைகள் வலியைக் குறைத்தாலும் மலச்சிக்கலைக் கொண்டுவரும். அல்சர், கிட்னி பிரச்னை இருப்பவர்கள் கடையில் தானாக எதுவும் வாங்கிப் போடக் கூடாது. தசை இறுக்கத்தைத் தளர்த்த டில்டியாசெம் களிம்பும் தருவதுண்டு. அதையும் டாக்டர் சொன்னால் மட்டும்.

பெரிய ஆறுதல், சாதாரண பிளாஸ்டிக் டப்பில் வெதுவெதுப்பான வெந்நீர். மலம் கழித்ததும் 10 முதல் 15 நிமிடம் உட்கார்ந்தால் தசை தளரும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், டெட்டாலும் வேண்டாம், எரியும். பிறகு தேய்க்காமல், மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

முதல் வாரம் கஷ்டம்தான். இரண்டு வாரத்தில் பலருக்கும் நன்றாகக் குறையும். காயம் முழுசாக ஆற 4 முதல் 6 வாரம் ஆகலாம். "வயித்துல சின்ன ஆபரேஷன்" என்று கூச்சப்பட்டுச் சொல்லிவிட்டு மூன்றாம் நாளே பைக் எடுப்பவர்களும் உண்டு. வீட்டில் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லி வைத்தால் உதவி கிடைக்கும்.

துடைக்கும்போது லேசாக ரத்தம் ஒட்டுவது சகஜம். ஆனால் கட்டி கட்டியாக ரத்தம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் பிரியவில்லை என்றாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் 7 முதல் 14 நாளுக்குள்ளும் திடீரென ரத்தம் கொட்டலாம்.