ஒலி தெளிந்தது, பொருள் தெளிந்ததா?

தருமபுரி மாவட்டத்தின் ஒகேனக்கல்லில், காவிரி பாறைகளின்மேல் விழுந்து இரையும் இடத்தில் நின்று நண்பரோடு பேசிப் பார்த்திருக்கிறீர்களா? காதருகே வாய் வைத்துக் கத்தினாலன்றி ஒன்றும் கேளாது. இரகசியம் பேச இதைவிட நல்ல இடமில்லை என்று தோன்றும். இரைச்சல் உண்மையிலேயே இரகசியத்தைக் காக்குமா?

இக்கேள்வியிலிருந்து தொடங்கும் ஆங்கிலப் படம் ஒன்று 1974இல் வெளிவந்தது. பெயர் 'தி கான்வர்சேஷன்', அதாவது 'உரையாடல்'. பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா இயக்கிய இப்படம் அவ்வாண்டு கான் திரைப்பட விழாவின் தலைமைப் பரிசைப் பெற்றது. சான்பிரான்சிஸ்கோ நகரச் சதுக்கத்தில், வாத்திய இசைக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஓர் ஆணும் பெண்ணும் நடந்தபடி பேசுகின்றனர். ஒட்டுக் கேட்பதையே தொழிலாகக் கொண்ட ஹாரி கால் என்பவர், மூன்று இடங்களிலிருந்து அப்பேச்சைப் பதிவு செய்கிறார்.

எப்படி? தொலைவிலிருந்து கேட்கும் ஒலிவாங்கியின் முன்னால் பக்கத் துளைகள் கொண்ட நீண்ட குழாய் ஒன்று இருக்கும். நேர் எதிரிலிருந்து வரும் ஒலியலைகள் குழாயினுள் ஒன்றோடொன்று இசைந்து வலுப்பெறும். பக்கத்திலிருந்து வரும் அலைகளோ பல துளைகள் வழியே முன்னும் பின்னுமாக நுழைவதால் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு நாடாவில் கேளாத சொல் மற்றொன்றில் கேட்கலாம். ஆகவே மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டு ஹாரி ஒப்பிடுகிறார். பேச்சு விளங்குவதற்கு வினாடிக்கு 300 முதல் 3,400 வரையுள்ள அதிர்வுகளே போதும். பழைய தொலைபேசிகள் இயங்கியதும் இவ்வெல்லையில்தான். இதற்குக் கீழுள்ள பறையோசையை மின்வடிகட்டியால் குறைத்துவிடலாம்.

ஒகேனக்கல்லில் இந்த வித்தை எளிதில் பலிக்காது. அருவியின் இரைச்சல் எல்லா அதிர்வெண்களிலும் பரவியிருப்பதால், அதை வடிகட்டினால் பேச்சும் உடன் போய்விடும். ஆனால் உங்கள் சட்டைப் பையிலேயே ஒலிவாங்கி இருந்தால் அருவியும் உங்களைக் காப்பாற்றாது!

படத்தின் உயிர்நாடி இனிமேல்தான். வாய்ப்புக் கிடைத்தால் ஒருவர் தங்களைக் கொன்றுவிடுவார் என்று அந்த ஆண் கூறுவது தெளிவாகக் கேட்கிறது. அவ்விருவர் உயிருக்கும் ஆபத்து என்று ஹாரி நடுங்குகிறார். இறுதியில் கொலையுண்டவரோ அந்த 'ஒருவர்'தான்!

தமிழ் மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 'நம்மைக் கொன்றேவிடுவார்' என்றால் அச்சம். 'நம்மையே கொன்றுவிடுவார்' என்றால், அப்படியானால் நாம் முந்திக்கொள்வோம் என்ற திட்டம். நாம் ஓர் ஏகாரத்தை இடம் மாற்றிச் செய்வதை ஆங்கிலம் குரல் அழுத்தத்தால் செய்கிறது. முடிவில் ஒலித்தொகுப்பாளர் வால்டர் மர்ச், அழுத்தம் மாறிய வேறொரு பதிவையே பயன்படுத்தினார். இதனால் பார்த்தவர்கள் இரு கட்சியாயினர். நாடாவில் இல்லாததைக் காட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்பது ஒரு கட்சி. நாம் கேட்டது நாடாவையன்று, ஹாரியின் மனத்தை என்பது மறு கட்சி. எனக்கு இரண்டாவதே சரியெனப் படுகிறது. கருவி ஒலியைத்தான் தெளிவாக்கும். பொருளை நாமே ஊற்றி நிரப்புகிறோம்.

இது வெறும் கதையன்று. ஒட்டுக் கேட்ட ஒரு சொல் மனிதரின் மானத்தையும் விடுதலையையும் பறித்துவிடக்கூடும். தொலைபேசியை ஒட்டுக் கேட்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உரிமையில் குறுக்கிடுவதாகும், சட்டம் வகுத்த முறைப்படியன்றி அதைச் செய்யலாகாது என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், முறை தவறிய ஓர் ஒட்டுக்கேட்பு ஆணையை இரத்துச் செய்தது.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். 'அவன் நாளைக்கு வருவான்' என்று ஒரு நண்பரைக் கைப்பேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஐந்து பேரிடம் போட்டுக் காட்டி, அது மகிழ்ச்சியா, எச்சரிக்கையா, கேலியா என்று தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். விடைகளை ஒப்பிட்ட பிறகு, யாரோ சொன்னதாகக் காதில் விழும் செய்தியை நம்புமுன் சற்றே தயங்குவீர்கள்.