கடல் கடந்த படிப்பு சரி. வேலைக்கு யார் வழி சொல்வது?

தீப்பெட்டி ஆலையில் கூலி வாங்கும் வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் முதுகலை படிப்பது, கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் இனி வெறும் கனவுப் பேச்சு அல்ல. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடம். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. குடும்ப வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள், வயது 35க்குள், மதிப்பெண் 60 சதவீதம் வேண்டும். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு 36 லட்சம் வரை கிடைக்கும். ஆனால் அறிவிப்பு வந்தால் போதும் என்று இருந்துவிட முடியாது. 2025இல் மத்திய அரசு தேர்ந்தெடுத்த 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தது. மற்றவர்களிடம் நிதி வந்தால் பார்க்கலாம் என்றது.

இடம் கிடைத்துப் போனவர்களுக்கு அடுத்த கேள்வி வேலை. வசதியான வீட்டுப் பையனுக்கு அங்கே ஒரு சித்தப்பாவோ, தெரிந்த சீனியரோ இருப்பார். எந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள், யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவர் காதில் போடுவார். கரிசல் காட்டுச் சேரியிலிருந்து முதல் ஆளாகப் போகிற பிள்ளைக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

அம்பேத்கருக்கே இது நேர்ந்தது. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். படித்து முடித்து பரோடாவில் 10 ஆண்டு வேலை பார்ப்பதாக ஒப்பந்தம். 1917இல் உயர் பதவியில் சேர்ந்தவருக்கு அந்த ஊரில் தங்க வீடு கிடைக்கவில்லை. சில நாளில் கிளம்பிவிட்டார். பிறகு பம்பாய் சிடனாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சேர்த்த சம்பளமும் கடனுமாக 1920இல் மறுபடி லண்டன் போய்ப் படிப்பை முடித்தார்.

இன்றைய பிள்ளைக்கு முதல் வேலை பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கிறது. நூலகம், ஆய்வகம், பேராசிரியருக்கு ஆராய்ச்சி உதவி. இவை பொதுவில் அறிவிக்கப்படுபவை, சித்தப்பா தேவையில்லை. சேர்ந்த வாரமே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் கொடுத்து, விண்ணப்பத்தைத் திருத்தித் தரச் சொல்ல வேண்டும். இதற்குக் கூச்சம் கூடாது. உதவித்தொகை வாங்குபவர் இப்படிச் சம்பாதிக்க வரம்பு உண்டு. மத்திய அரசின் விதியில் அது அமெரிக்காவில் ஆண்டுக்கு 2,400 டாலர், பிரிட்டனில் 1,560 பவுண்டு என்று இருந்து வருகிறது. மிஞ்சினால் உதவித்தொகையில் கழிப்பார்கள்.

நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. பிரிட்டனில் பாட நாட்களில் வாரம் 20 மணி நேரம். படிப்பு முடிந்தபின் வேலை தேட 2 ஆண்டு. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். முடித்தபின் 18 மாத அவகாசம் உண்டு. அமெரிக்காவில் படித்த துறையில் ஓராண்டு பயிற்சி வேலை. அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கு மேலும் 2 ஆண்டு. மணிக்கணக்கை மீறி நம்மூர்க்காரர் கடையில் கையில் காசு வாங்கி வேலை பார்த்தால், பிடிபட்டதும் விசா போய்விடும்.

நம்மூர்க்காரர் என்றதும் இன்னொன்று. சாதி விமானத்தில் ஏறாது என்று நம்ப வேண்டாம். கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. சியாட்டில் நகரம் 2023இல் வேலையிலும் வீட்டு வாடகையிலும் அதைச் சட்டவிரோதம் ஆக்கியது. சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் விதியில் சாதி என்ற சொல் இருக்கிறதா என்பதைக் கட்டணம் கட்டும் முன்பே பார்த்துக்கொள்ளலாம்.