ஃபீஸ் கட்டிட்டா போதுமா?

உடன்குடின்னு சொன்னதும் கருப்பட்டிதான் ஞாபகம் வரும், இல்லையா? பதநீர் வருஷத்துல சில மாசம்தான் இறங்கும். பனையேறி வீட்டுக்கு வருமானமும் அப்போதான். காலேஜ் ஃபீஸ் அப்படியில்ல, செமஸ்டருக்கு செமஸ்டர் கட்டியாகணும்.

இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைங்களுக்காக அகரம் அறக்கட்டளையின் ‘விதை’ திட்டம் 2010-ல் வந்தது. அகரத்தை நடிகர் சூர்யா 2006-ல் தொடங்கினார். எனக்குப் பிடிச்சது அவங்க தேர்வு முறை. மார்க் ஷீட்டோட நிறுத்தாம, தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறாங்க. டியூஷன் போய் எடுத்த மார்க்கும், பதநீர் காய்ச்சுற அடுப்புப் பக்கத்துல உட்கார்ந்து படிச்சு எடுத்த மார்க்கும் பேப்பர்ல ஒண்ணுதானே! அப்புறம் கல்லூரிகள்கிட்ட பேசி சீட் வாங்குறாங்க.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-லிருந்து பொறியியல்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு, ஃபீஸை அரசே கட்டுது. அப்புறம் அறக்கட்டளை எதுக்குன்னு கேட்கலாம். நானும் இன்ஜினியரிங் படிச்சவன்தான். முதல் செமஸ்டர்ல கணக்கும் ஆங்கிலமும் சேர்ந்து அடிக்கும். தமிழ் மீடியத்துல படிச்சு வந்த பையனுக்கு அரியர் விழுந்தா, வீட்ல யார்கிட்ட கேட்பான்? அந்த வீட்டின் முதல் பட்டதாரியே அவன்தான். அவன் போன் பண்ணா எடுக்க ஒரு அண்ணனோ அக்காவோ வேணும். அந்த வேலையை நம்மள மாதிரி வேலைக்குப் போறவங்கதான் சனி, ஞாயிறுல செய்றாங்க.