விஷம் வாய்க்கு வராது

தமிழ்த் திரைப்படங்கள் காதலை நிரூபிக்க வைத்திருக்கும் காட்சிகளில் பாம்புக்கடிக்குத் தனி இடம் உண்டு. கதாநாயகியின் காலில் பாம்பு தீண்டும். கதாநாயகன் துணியைக் கிழித்து இறுகக் கட்டுவான், கடிவாயில் வாய் வைத்து உறிஞ்சித் துப்புவான், கொஞ்ச நேரத்தில் அவள் கண் விழிப்பாள், காதல் பிறக்கும். தலைமுறைகளாகப் பார்த்துப் பழகிய இந்தக் காட்சி இரண்டு நம்பிக்கைகளை நம்முள் பதித்திருக்கிறது. விஷம் கடித்த இடத்திலேயே தங்கி நிற்கும் என்பது ஒன்று. பக்கத்தில் நிற்பவரின் துணிச்சல் அதை வெளியே எடுத்துவிடும் என்பது மற்றொன்று. வயலும் குளமும் பற்றைக்காடுமாகக் கிடக்கும் வன்னியில் இவை இரண்டுமே உயிரைக் குடிக்கக்கூடியவை. பாம்பு கடித்தவரை உண்மையில் காப்பாற்றுவது, கடிக்கும் வைத்தியசாலைக்கும் இடையில் கழியும் நேரத்தை நாம் எவ்வளவு குறைக்கிறோம் என்பதுதான்.

முதலில் உறிஞ்சுதலைப் பார்ப்போம். விரியனின் பல் தோலைக் கீறிவிட்டுப் போவதில்லை. ஊசி போலத் தசைக்குள் இறங்கி விஷத்தைச் செலுத்துகிறது. மணலில் ஊற்றிய தண்ணீர்போல அது திசுக்களுக்குள் பரவி, நிணநீர் வழியாகவும் இரத்தக் குழாய்கள் வழியாகவும் உடலுக்குள் போகத் தொடங்கிவிடும். இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2004 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கதிரியக்க அடையாளமிட்ட போலி விஷத்தைத் தொண்டர்களின் காலில் செலுத்தி, மூன்று நிமிடங்களில் விஷம் உறிஞ்சுவதற்கென்றே விற்கப்படும் பம்பை வைத்து 15 நிமிடம் உறிஞ்சினார்கள். வெளிவந்த திரவத்தில் இருந்தது செலுத்திய அளவில் 0.04 சதவீதம் மட்டுமே. பத்தாயிரத்தில் நான்கு பங்கு. கருவியால் முடியாததை மனித வாயால் செய்ய முடியாது. வாயிலுள்ள கிருமிகள் புண்ணுக்குள் போவதுதான் மிச்சம்.

கடிவாயைக் கத்தியால் கீறுவது இதைவிடக் கொடியது. முத்திரைப் புடையன் என்று ஊரில் சொல்லப்படும் கண்ணாடி விரியனின் விஷம், இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை ஒரேயடியாகத் தூண்டித் தீர்த்துவிடுகிறது. அதன்பின் இரத்தம் உறையாது. இதைக் கண்டறிய வைத்தியர்கள் செய்யும் சோதனை மிக எளிமையானது. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லிலீற்றர் இரத்தத்தை எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைக்கிறார்கள். பிறகு குழாயைச் சரிக்கிறார்கள். நலமானவரின் இரத்தம் கட்டியாகி அடியிலேயே நிற்கும். விஷம் ஏறியவரின் இரத்தம் தண்ணீராக வழியும். அப்படி வழியும் இரத்தமுள்ள ஒருவரின் காலை பிளேட்டால் கீறினால் இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். இறுக்கிக் கட்டும் கயிறும் இரத்த ஓட்டத்தை மறித்து, விஷத்தால் ஏற்கெனவே சிதைந்த தசையை இன்னும் சாகடிக்கும்.

எட்டடி விரியன் எனப்படும் கட்டுவிரியன் விடயத்தில் திரைப்படம் நேர்மாறாகவே தவறு செய்கிறது. சினிமாவில் கடி என்றால் அலறல், வாயில் நுரை, நீலம் பாய்ந்த உடல். இந்தப் பாம்போ பெரும்பாலும் நள்ளிரவில், நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைத் தீண்டுகிறது. பல் சிறியது, வீக்கம் இராது, வலி அனேகமாக இராது, தடயமும் பல வேளைகளில் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுபவர் இரவு சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார். பிறகு இமைகள் தானாகச் சரியும், பேச்சுக் குழறும், மூச்சுத் தசைகள் ஓயும். விஷம் நரம்பு முனைகளையே அழித்துவிடுவதால், பிந்திக் கொடுக்கும் மருந்தால் அவற்றை மீட்க முடியாது. புதிய முனைகள் வளரும்வரை நாட்கணக்கில் இயந்திரம்தான் மூச்சு விடவேண்டும். கண் அசையாமல், கை அசையாமல் கிடக்கும் அந்த நோயாளிக்குப் பக்கத்தில் அழுபவர்களின் குரல் கேட்டுக்கொண்டிருக்கலாம். இறந்துவிட்டார் என்று வீட்டார் முடிவு செய்வது இங்கே பெரும் பிழை.

"எங்கள் ஊரில் உறிஞ்சித்தான் ஒருவர் பிழைத்தார்" என்பவர்கள் பொய் சொல்வதில்லை. 2012-2013 காலப்பகுதியில் இலங்கை முழுவதும் வீடுவீடாக நடத்திய ஆய்வு, ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிப்பதாகவும், அவர்களில் 30,000 பேருக்கே விஷம் ஏறுவதாகவும், 400 பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. கடிபட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எதுவும் செய்யாமல் விட்டிருந்தாலும் பிழைத்திருப்பார்கள். கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கலாம். விஷப் பாம்பே விஷத்தைச் செலுத்தாமல் விட்டிருக்கலாம். பிழைத்தவர் ஊரெல்லாம் கதை சொல்கிறார்; இறந்தவரால் சொல்ல முடியாது. உறிஞ்சுதலுக்கும் வேருக்கும் மந்திரத்துக்கும் கிடைத்திருக்கும் நற்பெயரில் பெரும்பகுதி இந்தக் கணக்கிலிருந்து வந்தது. போர்க்காலத்தில் பாதையும் மருந்தும் அடைபட்டிருந்த வன்னியில் பரிகாரியாரை நாடிப்போனவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அன்றைய கதியை இன்றைய முறையாகத் தொடர வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி நியாயமானது. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ உட்கிராமத்தில் கடிபட்டால் வைத்தியசாலை போகும்வரை கைகட்டி நிற்பதா? செய்ய வேண்டியவை உண்டு. கடிபட்டவரை நடக்கவிடக் கூடாது. தசை அசைய அசைய விஷம் விரைவாகப் பரவும். கடிபட்ட கை அல்லது காலைத் தடியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வைக்க வேண்டும். வீங்குமுன் மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்ற வேண்டும். 2018 இல் வடமாகாணத்துக்கு வந்த அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அது வரப் பிந்துமென்றால் மோட்டார் சைக்கிளில் நோயாளியை நடுவில் இருத்தி, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொண்டு போகலாம். நேபாளத்தின் தமக் பகுதியில் கிராமத் தொண்டர்கள் இப்படியே நோயாளிகளை ஏற்றிச் சென்றபோது, கடிபட்டவர்களில் இறப்போர் 10.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைந்தனர். உறிஞ்சிய எந்த வாயும் இவ்வளவு உயிரைக் காத்ததில்லை.

வைத்தியசாலையிலும் சினிமாவில் வருவதுபோல ஒரே ஊசியில் எழுந்து நடக்க முடியாது. விஷமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து இந்தியாவில் தயாராகி வருவது. பத்துக் குப்பியோ அதற்கு மேலோ சேலைனில் கலந்து ஏற்ற வேண்டியிருக்கும். இலங்கையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2011 இல் வெளியிட்ட ஆய்வில், முக்கால்வாசிப் பேருக்கு மருந்தே ஒவ்வாமையைத் தந்தது. முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் கடுமையான ஒவ்வாமை வெகுவாகக் குறைகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆபத்துள்ள மருந்து என்பதாலேயே அதை வீட்டில் வைத்து ஏற்ற முடியாது. வைத்தியரும் தாதியும் கண்காணிப்பும் தேவை.

படம்தானே, யார் நம்பப் போகிறார்கள் என்று கேட்கலாம். அமைதியாக இருக்கும்போது யாரும் நம்பமாட்டார்கள். பதறும்போதுதான், பலமுறை பார்த்த காட்சி தானாகக் கைக்கு வருகிறது. ஆகவே அந்த இடத்தில் வேறு காட்சியைப் பதிக்க வேண்டும். மழையில் சேறான பாதையில் நடுவில் நோயாளியை வைத்து விரையும் மோட்டார் சைக்கிளில் எந்தக் காதல் காட்சிக்கும் குறையாத பரபரப்பும் பாசமும் இருக்கின்றன. நம் இளம் இயக்குநர்கள் அதை எடுக்க வேண்டும். வீடுகளோ காலபோக விதைப்புக்கு முன்பே ஆயத்தமாக வேண்டும்: நிலத்தில் படுப்பவர்களுக்கும் பாய்க்கடியில் செருகிய நுளம்பு வலை, இரவில் தண்ணீர் கட்டப் போகிறவர் கையில் ரோர்ச் லைட், காலில் பூட்ஸ், கிட்டடியில் எந்த வைத்தியசாலையில் மருந்து இருக்கிறது என்ற தகவல், எந்நேரமும் கூப்பிடக்கூடிய ஓர் அயலவரின் தொலைபேசி எண். அன்புள்ளவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளக்கூடிய பாதுகாப்பு இதுதான். இதைக் கடிபட்ட பிறகு தேட முடியாது.