வரி: கொடுப்பதா, பறிப்பதா?

மாதச் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் நம் கண் முதலில் நாடுவது பிடித்தங்களைத்தான். வருமான வரி ஒருபுறம் இருக்க, மும்பையிலோ கொல்கத்தாவிலோ பெங்களூரிலோ பணிபுரிவோருக்கு, ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேற்படாத தொழில் வரியும் உண்டு. ‘நாம் உழைத்துச் சேர்த்த பொருளில் அரசு கைவைப்பது நியாயமா?’ என்று ஒரு கணமேனும் எண்ணாதவர் நம்மில் அரியர்.

இவ்வெண்ணத்தையே தத்துவமாக வளர்த்தவர்கள் தனிமனிதச் சுதந்திரவாதிகள். அவர்களுள் புகழ்பெற்றவர், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த ராபர்ட் நோசிக். உழைத்துப் பெறும் ஊதியத்தின்மீது விதிக்கும் வரி கட்டாய உழைப்புக்கு ஒப்பானது என்று 1974-ல் வெளியிட்ட நூலில் அவர் வாதிட்டார். ஐந்து மணி நேர ஊதியம் வரியாகச் செல்லுமாயின், அந்த ஐந்து மணி நேரமும் நாம் பிறருக்காக உழைக்க வற்புறுத்தப்படுகிறோம் என்பது அவர் கருத்து.

இதனை விளக்க அவர் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லினை உதாரணம் காட்டினார். அவருடைய ஆட்டத்தைக் காணப் பத்து லட்சம் பேர் மனமுவந்து ஆளுக்குக் கால் டாலர் தனியே கொடுப்பதாகக் கொள்வோம். அவரிடம் 2,50,000 டாலர் சேர்ந்துவிடும். எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. அவ்வாறிருக்க, சமத்துவத்தின் பெயரால் அதில் ஒரு பங்கை எடுப்பது முறையா என்பதே அவர் கேள்வி. எனினும் திருட்டு, வஞ்சகம், வன்முறை ஆகியவற்றினின்றும் குடிகளைக் காக்கும் அளவுக்கு அரசு வேண்டும் என்பதை அவரும் மறுத்தாரில்லை.

இவ்வாதத்துக்கு லியாம் மர்ஃபி, தாமஸ் நேகல் என்னும் இரு அறிஞர்கள் 2002-ல் மறுப்பு எழுதினர். வரி பிடிக்குமுன் உள்ள சம்பளம் முழுவதும் இயல்பாகவே நம்முடையது என்பது மயக்கம் என்றனர். நாணயமும் நீதிமன்றமும் ஒப்பந்தச் சட்டமும் வரியால் நிலைபெறுபவை; அவையின்றிச் சம்பளம் ஏது? நோசிக்கும் 1989-ல் எழுதிய நூலொன்றில், தம் பழைய கொள்கை பெரிதும் போதாதது என ஒப்புக்கொண்டார்.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இவ்விவாதத்தில் தனிப் பொருள் உண்டு. 2017 முதல் நடைமுறையிலுள்ள சரக்கு-சேவை வரியில் மாநிலப் பங்கு, பொருள் நுகரப்படும் மாநிலத்தையே சேரும். மும்பைக் கடையில் நாம் வாங்கும் துணிக்குரிய பங்கு மகாராஷ்டிரத்துக்கே போகிறது, பிறந்த ஊருக்கன்று. அந்த மாநிலத்தின் சாலையில் நடக்கிறோம். அதன் காவலை நம்பி உறங்குகிறோம். ஆதலின் நாம் அங்கு வெறும் விருந்தினர் அல்லர், செலவில் பங்கேற்றவர். கொடுத்த வரி எவ்வாறு செலவாகிறது என்று கேட்பதும் நமது உரிமையே.