உங்களுக்குத் தெரியுமா? ஆளில்லாத ஓவியத்திலும் காத்திருப்பு

இலங்கையின் வண்ணாத்திவில்லுவில் அந்தி. பற்றைக் காட்டிலிருந்து மாடுகள் பட்டிக்குத் திரும்புகின்றன. மேற்கே கடல் பக்கம் வெளிச்சம் சாய்கிறது. இதை மனிதர் எவரும் இல்லாமல் வரைந்தாலும், சங்கப் பாட்டு படித்தவர் அதில் ஒருத்தி காத்திருப்பதைக் கண்டுகொள்வார்.

தொல்காப்பியம் வகுத்த முல்லைத் திணை அப்படிப்பட்டது. நிலம் காடு, பொழுது மாலை, பருவம் கார், தெய்வம் மாயோன், மக்கள் ஆயர். இவை ஒன்றுகூடினால் உணர்ச்சி 'இருத்தல்': மழைக்குள் வருவேன் என்று போனவனுக்காகப் பொறுத்திருத்தல்.

முல்லைக்குரிய கார் ஆவணியும் புரட்டாசியும். வண்ணாத்திவில்லுவுக்குப் பெருமழை தருவதோ ஐப்பசியில் தொடங்கும் மழைக்காலம். இந்த ஊர்த் தலைவிக்குக் காத்திருப்பு இன்னும் கொஞ்சம் நீளம்! பக்கத்து வில்பத்து தேசியப் பூங்காவில் 'வில்லு' எனப்படும் ஆழமற்ற இயற்கைக் குளங்கள் நிரம்புவதும் அந்த மழையில்தான்.

நிலக்காட்சியால் ஏக்கத்தைச் சொல்வது தமிழுக்கு மட்டும் உரியதல்ல: ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டு ஓவியர் கிளாட் லொரேன் மேய்ச்சல் நிலக் காட்சிகளைத் தாழ்ந்த சூரியனின் ஒளியில் வரைந்தார். நிழல் நீண்டது, தூரம் பொன்னாய்க் கரைந்தது, ஓர் ஏக்கம் வந்தது. அந்தச் சாயலுக்கு ஆசைப்பட்ட ஆங்கிலேயப் பயணிகள் அடுத்த நூற்றாண்டில் 'கிளாட் கண்ணாடி' என்ற கறுப்புக் குவியாடியோடு அலைந்தார்கள். இயற்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடிக்குள் அதை ரசித்தார்கள்!